மூன்று சுற்று டியூப்

முதல் தடவை மலை நடுங்கியது.
குடும்பிமலைக்குப் போகும் கிறவல் ரோட்டில்
பதினொரு நிமிடம் எடுத்த படம்.
மரங்களுக்கெல்லாம் குளிர்காய்ச்சல்,
வானம் சுளகில் புடைத்த மா.
வயிற்றைப் பிரட்டுகிறது என்று
கோகிலவாணி எழுந்து போய்விட்டாள்.
கடைசிவரை பார்த்தவன் இம்தாத் மட்டும்.
ஏறாவூரில் அவனுக்குச் சைக்கிள் கடை.
பின்னேரம் நாலரைக்கு மேல்
அது எனக்குப் பட்டறை.

நான் தண்ணீர் மீற்றர் வாசிக்கிறவன்.
செங்கலடியில் எந்த வீட்டு மீற்றரின் மேல்
கோழி அடைகிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.
உடைந்த முழங்கைக் குழாய், பிய்ந்த வால்வு
எல்லாம் என் பைக்குள் தாமாக வந்து சேரும்.
அதிலொன்று
ஓர் அங்குலக் குழாயைச் சுவரோடு அணைக்கிற பிடி.
சுவருக்குப் பதில் ஹேண்டிலில் மாட்டினேன்.
கம்பி ஒல்லி, பிடி பெரிது,
நடுவில் பேப்பர் மடித்துச் செருகினோம்.
"இறுக்கு" என்றான் இம்தாத்.
இறுக்கினேன்.
இறுக்க இறுக்க
ரோட்டிலுள்ள ஒவ்வொரு கல்லும்
கமெராவுக்குள் ஏறி உட்கார்ந்தது.

மூன்றாம் கிழமை,
பஞ்சர் ஒட்டி ஒட்டி அலுத்த பழைய டியூபை
வாழைநார்போல் கிழித்துத் தந்தான்.
மூன்று சுற்று. அதன்மேல் பிடி.
விரலால் தட்டினால் கொஞ்சம் அசைய வேண்டும்,
ஆடுகிற பல்லைப்போல் அல்ல,
வாவிக்கரையில் கட்டிய தோணி
ஆள் ஏறாதபோது அசைகிற அளவு.

கமெரா தவணைக்கு வாங்கினது, மலிவு.
அதற்கு வீடு
கோகிலவாணியின் சவர்க்காரப் பெட்டி.
பழுக்கக் காய்ச்சிய ஆணியால் கண் திறந்தேன்.
சந்தன வாசமும் உருகிய பிளாஸ்டிக் வாசமும்
அன்றிரவு குசினியில் சண்டை பிடித்தன.
கை கழுவ வந்தவள்
ஈரத் திட்டில் தனியே கிடந்த கட்டியைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

சனி காலை கிரான் பாலம் தாண்டி,
எருமைகளுக்கு வழிவிட்டு,
யானைவேலிக் கம்பியின் ஓரமாய்.
ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்த சைக்கிள்.
சட்டத்தில் என்னவோ எழுதியிருக்கிறது,
பெயரோ எச்சரிக்கையோ
இன்றுவரை தெரியாது.
ஏற்றம் முழுக்க என் மூச்சுத்தான் பதிவாகியிருக்கிறது,
அறுப்பு மெசினைப் போல.
இறக்கத்தில் மூச்சே இல்லை.
காற்று மட்டும்.
மலை நடுங்கவில்லை!
அதை நினைத்துச் சந்தோசப்பட்ட இடத்தில்
ஒரு மதகு.

மிச்சம் படத்தில் கண்டதுதான்.
கிறவல், கிறவல், புல்,
பிறகு வானம்.
ஓரத்தில் முன்சில்லு
இன்னும் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துச் சுற்றுகிறது.
நான் எங்குமில்லை.
ஒரு முனகல் கேட்கிறது, அது நானாயிருக்கும்.
சாரத்தின் விளிம்பொன்று வருகிறது,
செருப்பில்லாத கால்,
பட்டிக்காரர் ஒருவரின் குரல்:
"குளிக்கவா போறீங்க தம்பி?
சவுக்காரப் பெட்டியெல்லாம் கட்டியிருக்கு?"

முழங்காலில் இரத்தம் வழிய ஊர்ந்து வந்து
நான் முதலில் தொட்டது பிடியை.
"அசையல்ல அண்ணன், அசையல்ல" என்று சிரிக்கிறேன்.
தலையில் பட்டுவிட்டதென்று நினைத்திருப்பார்,
போத்தல் தண்ணீரை என் முகத்தில் அடிக்கிறார்.
வானத்தில் ஒரு துளி வந்து ஒட்டிக்கொள்கிறது.

விழுந்ததை வெட்டிவிட்டுப்
பாட்டுப் போடுவோம் என்கிறான் இம்தாத்.
கோகிலவாணி இந்தமுறை எழுந்து போகவில்லை.
வானம் வந்ததும்
"இந்த இடம் நல்லாருக்கு, ஆடல்ல" என்றாள்.
சைக்கிள் படுத்துக் கிடந்ததால் ஆடவில்லை என்பதை
நான் சொல்லவில்லை.
சில்லு நிற்கும்வரை பார்த்துவிட்டு
மறுபடி போடச் சொன்னாள்.

நாளைக்குக் கடையில் வாங்க வேண்டியவை:
நாலு வாசர்,
காயத்துக்குக் கட்டுகிற துணி,
சவர்க்காரப் பெட்டி ஒன்று.
இல்லை, இரண்டு.