சொத்துப் பட்டியலில் ஓர் ஒட்டகம்

த்ரியெஸ்தேயில் இறங்கியதும்
கடற்காற்று என் குடையைக் கேட்டது.
கொடுத்துவிட்டேன்.
பிணையில்லாக் கடன்.

ஆண்டுக்கொருமுறை கூடுகிறோம்,
மஞ்சள் கடிதாசி போன வாசலுக்கு
மறுநாள் வந்து நிற்கிறவர்கள்.
கழுத்தில் பெயரட்டை, கையில் துணிப்பை,
பைக்குள் நிகழ்ச்சி நிரல், பேனா,
ஒரு வங்கியின் பெயர் பொறித்த சாக்லேட்.
வங்கி போன வசந்தத்தில்
எங்களில் ஒருவர் கைக்கு வந்தது.
சாக்லேட் மிச்சம்.

காலை அமர்வில்
ஒரு நிறுவனத்தின் இதயம்
எந்த நாட்டில் துடிக்கிறது என்று
இரண்டு மணி நேரம் பேசினோம்.
பதிவு லக்ஸம்பர்க்கில்,
கிடங்கு கோஷித்ஸேயில்,
முதலாளி கைப்பேசிக்கு அப்பால்.
பின்வரிசையில் யாரோ சொன்னார்:
சம்பளம் கேட்டு ஆட்கள்
எந்தக் கதவைத் தட்டுகிறார்களோ, அங்கே.
எழுதிக்கொண்டேன்.
சட்டத்தில் அது இல்லை.

காபி இடைவேளையில்தான் மாநாடு தொடங்கியது.
ஹார்லெமின் வீபெ
துலிப் கிழங்குக் கிடங்கொன்றைப் பொறுப்பேற்றவர்.
கடன் கொடுத்தவர்களை நிறுத்திவைக்க
நீதிபதியிடம் தடையுத்தரவு வாங்கலாம்,
முளைகளை நிறுத்த யாரிடம் வாங்குவது?
மின்சாரம் துண்டித்த குளிரறையில்
நாற்பதாயிரம் கிழங்குகள்
ஒரு விதியும் படிக்காமல்
பச்சையாய் எட்டிப் பார்த்தனவாம்.

பிரோஷ்கா சிரிக்காமல் சொன்னாள்:
எனக்கு வாய்த்தது சர்க்கஸ்.
கூடாரம் அடமானத்தில்,
லாரிகள் குத்தகையில்,
மிஞ்சியது ஒட்டகம் ஒன்று, வயது தெரியாது.
தேய்மானம் எத்தனை சதவீதம் போடுவது?
மதிப்பீட்டாளர் பல்லைப் பார்த்தார்.
பல் அவர் தொப்பியைப் பார்த்தது.
வாங்க ஆளில்லை.
தினம் இரண்டு கட்டு வைக்கோல்.
நடைமுறைச் செலவு என்பதால்
வரிக்கும் முன்னால், வங்கிக்கும் முன்னால்
முதல் வரிசையில் நின்று
ஒட்டகமே தின்றது.

சிரித்து அடங்கிய நேரம்
என் முறை வந்தது.
கோப்பையைக் கழுவப் போவதுபோல் எழுந்தேன்.

மாலை பொதுக்குழு.
பொருளாளர் ஹெர்லிண்டே
மூக்குக்கண்ணாடியை இறக்கி வாசித்தார்:
முப்பத்தொரு உறுப்பினர்கள்
இரண்டாண்டுச் சந்தா பாக்கி.
கடன்களைக் கரைத்துப் பிழைப்பவர்கள் நிறைந்த கூடத்தில்
அப்படியொரு அமைதி.
எல்லோரும் தத்தம் காலணியை மதிப்பிட்டார்கள்.
தள்ளுபடி, என்றது ஒரு குரல்.
பாதியாவது, என்றது இன்னொன்று.
ஆறு தவணை, வட்டியில்லாமல்,
என்று தீர்மானமானது.
நானும் கை தூக்கினேன்,
முப்பத்தொருவரில் ஒருத்தி.

சொல்லாமல் வந்த கதை இதுதான்.
லியெபாயாவில் ஒரு தையலூசி ஆலை.
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எல்லாம் விற்று, எல்லாம் கழித்து
ஆளுக்குப் பதினோரு யூரோ நாற்பது.
கையெழுத்துப் போட வந்த வெல்கா
மெருகேற்றும் பிரிவில் இருபத்தாறு ஆண்டு.
நாணயங்களை மேசையிலேயே எண்ணிவிட்டுக் கேட்டாள்:
உங்கள் கட்டணம் வந்துவிட்டதா?
வந்தது, என்றேன், முதலிலேயே.
நல்லது, என்றாள்.
வேலை செய்தவர்களுக்குக்
கூலி கிடைக்கவேண்டும் அல்லவா.
குத்தலா என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை.
அதுதான் இன்னும் தூங்கவிடவில்லை.

காலையில் விமான நிலையப் பேருந்து.
பக்கத்து இருக்கையில் பிரோஷ்கா,
மடியில் யாரும் எடுக்காத சாக்லேட்டுகள்.
அந்த ஒட்டகம் கடைசியில் என்னாயிற்று? என்றேன்.
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, என்றாள்.
வேலி போட்டிருக்கிறேன்.
கோப்பை இன்னும் மூடவில்லை.