ஒன்பதாங் கட்டை

ஒவ்வொரு டிசம்பரும் தண்ணீர் முழங்காலைத் தொடும்போது
கடைத்தெருவில் யாராவது கேட்டுவிடுவார்கள்:
எந்த மடையன் இந்தப் பள்ளத்தில் ஊரை வைத்தான்?

வைத்தவன் பெயர் இருளப்பன்.
தோட்டத்து மாட்டுவண்டிக்காரன்.
ஊர் வைக்க அவன் வரவில்லை.

ஊர் பத்தாங் கட்டையில்தான் இருந்தது, காகிதத்தில்.
யாழ்ப்பாணத்துத் தம்பையா சர்வே ஆபீசில் குனிந்து
மேட்டு நிலத்தில் நேர்கோடாய் இழுத்திருந்தார்:
தபால் நிலையம், போலீஸ் கொட்டடி, மார்க்கெட்,
துரைமார் குதிரை கட்ட ஓரிடம்,
நீல மையில் ஒரு கிணறு.
மழை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

சுங்கை லிந்தா, நம் பேச்சில் அட்டையாறு,
ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையைத் தின்றது.
பன்னிரண்டு மூட்டை ரங்கூன் அரிசியோடு
வண்டி ஒன்பதாங் கட்டையில் அச்சு முறிந்து
இடப்பக்கம் சாய்ந்தது.
முன்னால் தண்ணீர். பின்னால் தண்ணீர்.
நடுவில் இரண்டு மாடு, ஒரு மனுசன்,
சல்லி உடைக்க வந்து மாட்டிக்கொண்ட
அறுபது பேர்.

முதல் நாள் மூட்டைமேல் படுத்துக் காவல் காத்தான்.
தோட்டத்து முத்திரை குத்திய சாக்கு;
குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இரண்டாம் நாள் ஒச்சாயி என்றொருத்தி
மைல்கல்லுக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி
வெறும் தண்ணீரை உலையேற்றினாள்.
கேட்கவில்லை. அழவில்லை.
கொதிக்கிற தண்ணீரைத் துழாவிக்கொண்டே
வண்டியைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பது
எந்த ரிக்கார்டிலும் இல்லை.
ரிக்கார்டில் இருப்பது இவ்வளவுதான்:
சாக்கு நான்கு. தையல் பிரிக்கப்பட்டிருந்தது.

மக்கலிஸ்டர் துரை சாட்சி சொன்னார்,
பெரிய கிராணி மொழிபெயர்த்தார்.
விற்றாயா?
காசு இருந்தவனுக்கு வித்தேன்.
இல்லாதவனுக்கு?
எழுதி வச்சுக்கச் சொன்னேன்.
அதில் யாருக்கு எழுதத் தெரியும்?
ஒருத்தருக்கும் தெரியாது, தொரை.
ஆறு மாதம்.

அவன் உள்ளே இருந்தபோது
கடன்பட்டவர்கள் சாலையைப் போட்டு முடித்தார்கள்.
சாய்ந்த வண்டியை யாரும் நிமிர்த்தவில்லை.
அதன்மேல் அத்தாப்பு வேய்ந்து
சின் ஆ லோய் கருவாடும் மண்ணெண்ணெயும் விற்றான்.
ஒச்சாயியின் அடுப்பு அணையவே இல்லை,
கஞ்சிக்குக் காசு வாங்கத் தொடங்கியிருந்தாள்.
கம்போங்கிலிருந்து பாக் டோலா வாழைக்குலையோடு வந்து
மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தார்.
பிறகு கள்ளுக்கடை.
கள்ளுக்கடை வந்ததால் போலீஸ்.
பிறகு, வேறு வழியில்லாமல், தபால்.
தம்பையா அழிரப்பரை எடுத்து
மேட்டில் இருந்ததைத் தேய்த்துவிட்டு
ஊரை ஒரு மைல் கீழே இறக்கினார்.
கிணறு மட்டும் மை என்பதால் போகவில்லை.

விடுதலையாகி வந்த இருளப்பனுக்கு
இடம் பிடிபடவில்லை.
இது எந்த ஊர் என்று கேட்டான்.
காசில்லாமல் ஒரு தேத்தண்ணி குடித்தான்.
ஆ லோய் அதைப் பற்றில் எழுதினான்,
சீனத்தில், முதல் பக்கத்தில்.
அடைத்தானா தெரியாது.
அதற்குப் பிறகு அவன் பெயர் எங்கும் வரவில்லை.

போன மாதம் நூற்றாண்டு மலர் வந்தது.
'ஊரை நிறுவியவர்' என்ற இடத்தில்
மக்கலிஸ்டர், மீசையோடு, தொப்பியோடு.
என்னிடம் கேட்டது விளம்பரம் மட்டும்,
கால் பக்கம், கைபேசி ரிப்பேர்.
கொடுத்தேன்.

இன்று காலை தண்ணீர் இரண்டாம் படி ஏறிவிட்டது.
எதிர்வரிசை சாப்பாட்டுக்கடைப் பெண்
கேஸ் அடுப்பை மேசைமேல் தூக்கி வைத்து
உலையைக் கூட்டியிருக்கிறாள்.
பக்கத்தில் மளிகைக்கடைக்காரர்
ஷட்டரைப் பாதி இறக்கினார்.
கை கொக்கியிலேயே இருக்கிறது.