வேரோடை

உரும்பிராயிலை எங்கடை வளவின்ரை பின்பக்கம்
பற்றறி உடைச்சு ஈயம் உருக்கின இடம்.
கரண்ட் இல்லாத காலம்.
நாலு வீட்டிலை ரேடியோ கேக்கவேணும் எண்டு
என்ரை மனுசன் சட்டியிலை கிண்டினார்.
கழுவின தண்ணியை மரவள்ளிக்கு விட்டார்.
மரவள்ளி நல்லாய்த்தான் விளைஞ்சது.
அதை நினைச்சால்தான் இப்ப பயம்.

மண் பாக்க வந்த பிள்ளை, துஷாந்தினி,
செம்பாட்டை உறையிலை கட்டி நம்பர் எழுதிக் கொண்டுபோனாள்.
மூண்டாம் கிழமை ஒரு தாளோடை வந்தாள்.
அவர் வாசிச்சார். ஒண்டும் சொல்லேல்லை.
தேத்தண்ணிக் கோப்பையை வைக்கேக்கை மட்டும்
தட்டு கிடுகிடுத்தது.

அள்ளி எங்கை கொட்டுறது, ஆற்றை வளவிலை?
வேர் குடிக்கட்டும் எண்டாள்.
கடுகு ஒரு பாத்தி, மிச்சம் சூரியகாந்தி.
வேரிலைதான் கூடத் தங்குமாம்,
தண்டிலை கொஞ்சம், இலையிலை அதிலும் கொஞ்சம்.
எத்தினை வருசம் செல்லும் பிள்ளை?
"பேரப்பிள்ளையள் இருக்கினமோ அம்மா?" எண்டாள்.

பூத்தது பாருங்கோ,
ரோட்டாலை போறவை சைக்கிளை நிப்பாட்டிச்சினம்.
கலியாணப் பொடியன் ஒருத்தன் படமெடுக்கக் கேட்டான்.
எடு, தொடாதை எண்டன்.
கோயிலாலை பூவுக்கு ஆள் வந்தது.
சாமிக்கு வைக்கேலாத பூ எண்டு
எந்த வாயாலை சொல்லுறது?
சொன்னன்.

கிளியளுக்கு ஆர் சொல்லுறது?
விடியக் காலமை எழும்பித் தகரம் தட்டினார்,
கை நடுங்க நடுங்க.
ஈயம் கிண்டின அதே கை.

இண்டைக்குப் பிடுங்கல்.
வெட்டினால் காணாது, வேரோடை வரவேணும்.
நேற்றுப் பின்னேரமே தண்ணி விட்டு இளக்கி வைச்சனாங்கள்.
வேலிக்கு அங்காலை நிண்டு ஆடு கத்துது.
கத்து.
உனக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது,
எருக்கிடங்குக்கும் ஆகாது,
இப்பிடி ஒரு விளைச்சலை
என்ரை சீவியத்திலை நான் கண்டதில்லை.

கறுத்த உறையிலை கட்டித் தராசிலை தூக்கினாள்.
பதினெட்டுக் கிலோ.
"இதுக்குள்ளை ஈயம் எவ்வளவு?" அவர்தான் கேட்டார்.
"ஒரு சிட்டிகை உப்பளவும் வராது ஐயா."

தான் ஊத்தினது எத்தினை கிலோ எண்டு
அவருக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம் அந்தக் குழியளைப் பாத்துக்கொண்டு நிண்டார்.
பிறகு சாரத்தை மடிச்சுக் கட்டினார்.
"அடுத்த விதை எங்கை?"