அறுபத்தைந்தாம் இலக்கம்

கொழும்பிலிருந்து வந்த படம் அது.
பின்புறம் துணி ஒட்டி, மேலும் கீழும் சட்டம் அடித்து,
பள்ளிக்கூடத்து உலகப் படம் போலச் சுருட்டித் தந்தார்கள்.
களுவாஞ்சிகுடி மண்டபத்தில்
எந்த விழாவுக்கோ அடித்த ஆணியில் அதை மாட்டினேன்.
அறுபத்து நான்கு கட்டங்கள்.
பொலிஸ், அதிரடிப்படை, தரைப்படை, கடற்படை.
யாரோ தவறுதலாகவோ மிகுந்த நேர்மையாகவோ
அமைச்சுகளின் கொடிகளையும் சேர்த்துவிட்டிருந்தார்கள்:
நெற்கதிர், பற்சக்கரம், மீன்,
கோலில் சுற்றிய பாம்பு,
திறந்த புத்தகத்தின்மேல் ஒரு விளக்கு.
வாளேந்திய சிங்கம் எங்கும் நின்றது,
சில கட்டங்களில் கொசு அளவுக்கு.
வாசலில் நின்ற வாகனத்திலும் ஒரு கொடி.
காற்றில்லாததால் அது எந்த அமைச்சென்று
யாருக்கும் தெரியவில்லை.

என் வேலை மொழிபெயர்ப்பு.
"கூட்டிப் போனவர்களின் உடுப்பில் என்ன இலச்சினை?"
இது ஆறாவது கேள்வி.
சிங்களத்தில் லாஞ்சனய, தமிழில் இலச்சினை.
ஒரே தாயின் பிள்ளைகள், முகச்சாயல் தெரியும்.
அன்று எனக்கு இலேசாக வாய்த்த ஒரே சொல்.

தேத்தாத்தீவு மயில்வாகனம் மீனைத் தொட்டார்.
ஐயா நிமிர்ந்தார், தட்டச்சு நின்றது.
"இந்தக் கந்தோர்தான் எனக்கு வலை தந்தது.
இவங்க நல்லவங்க."
அதையும் மொழிபெயர்த்தேன்.
பெரியபோரதீவு ஆசிரியை ஒருவர்
நெற்கதிரில் விரல் வைத்தார், எடுக்கவில்லை.
அந்தக் கொடி கட்டிய ஜீப்பில்தான் வந்தார்களாம்.
ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இலக்கம் பத்தொன்பது.

பிற்பகல், வேலாப்போடி ஞானசௌந்தரி.
தொழில்: தையல்.
தேடுவது: தம்பி புவிராசன்.
படத்துக்குக் கிட்டப்போய் நின்றாள்,
புடவைக் கடையில் கரையைப் பிடித்துப் பார்ப்பவள் போல.
அறுபத்து நாலையும் முடித்துத் திரும்பினாள்.

"இதில ஒண்டும் இல்ல மனே.
வந்தவங்களில ஒருத்தன் தண்ணி கேட்டான்.
செம்பில குடுத்தன்.
அண்ணாந்து குடிக்கக்குள்ள
தோள் என்ட கண்ணுக்கு நேரே கிடந்திச்சி.
சின்னத்தப் பிரிச்சிருந்தாங்க.
கிழிக்கல்ல மனே, பிரிச்சது.
பிளேட்டால, ஒவ்வொரு தையலா, ஆறுதலா,
ஆரோ வெளிச்சத்தில இருந்து செய்த வேல.
பச்ச நூல் மூணு தும்பு மிச்சம்.
சட்ட முழுக்க வெயிலில வெளிறி,
அது இருந்த இடம் மட்டும் புதுத்துணி."

வெயில் படாமல் புதிதாகவே இருந்துவிட்ட துணி.
அதற்குச் சிங்களத்தில் ஒரு சொல் இருக்கும்,
என் வாய்க்கு வரவில்லை.
என் தோளைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்படியானால் இல்லை என்று பதியலாமா?"
"இல்ல எண்டு எழுதாதீங்க. இருந்திச்சி."
கைப்பையிலிருந்து தையல் சோக்கை எடுத்தாள்.
கேளாமலே படத்தைத் திருப்பினாள்.
மேலே அகன்று கீழே கூரான ஒரு கேடயம்.
உள்ளே ஒன்றும் போடவில்லை.
நூல் மூன்றையும் மட்டும்
அதனதன் இடத்தில் இழுத்தாள்,
ஒன்றை அழித்து, சற்றுத் தள்ளி மறுபடியும்.

தட்டச்சுப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.
ஐயா யன்னலைப் பார்த்தார், வெகுநேரம்.
பிறகு அந்த நிரலில் தன் பேனையாலேயே
65 என்று எழுதினார்.

ஐந்து மணிக்குப் படத்தைச் சுருட்டினேன்.
நாளை வாகரை.
கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து
எல்லோரையும் இறக்கினார்கள்.
அடையாள அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர்
என் சட்டைக் கையையும் பார்த்தார்.
வெள்ளையாய், வளைந்து, ஒரு கோடு.
"சோக்" என்றேன். இரண்டு மொழியிலும் அதே சொல்தான்.
"ஆ, மாஸ்டர்" என்று சிரித்தார்.
அட்டை கைக்குத் திரும்பி வரும்வரை
அவர் தோளில் இறுகியிருந்த சின்னத்தின்
தையல்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.
இடப்பக்கம் பதினேழு.
மற்றப் பக்கம் தெரியவில்லை.