முன்பணம்

கரண்ட் பில்லின் பின்பக்கம்தான் எழுத வாகாக இருந்தது.
மேலே தேதி போட்டேன். அடித்தேன்.
அந்தச் சனிக்கிழமை டிப்போவில் ஆள் இல்லையாம்.
வேறு தேதி. அதையும் அடித்தேன்.
மூன்றாவதை அவர் கண்ணில் காட்டாமல் எழுதினேன்.

பதினாறு வருஷமாய்
ஏற்காடு பஸ் ஓட்டுகிறவர்
என் வீட்டுக்காரர் சித்தேஸ்வரன்.
இருபது கொண்டை ஊசி வளைவுகளும்
அவர் வலது தோளில் இருக்கின்றன,
மழைக்காலத்தில் ஒவ்வொன்றாய் வலிக்கும்.
தூக்கத்தில் தலையணையை ஒடித்துத் திருப்புவார்.
எதிரே லாரி போல என்று
நான் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன்.

ஆனால் ஒரு ராத்திரிகூட மேலே தங்கியதில்லை.
ஏரியைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்ப்பார்.
பத்து நிமிஷம், ஒரு டீ, மறுபடி ஸ்டார்ட்.
படகில் கால் வைத்ததில்லை.
அண்ணா பூங்காவில் இப்போது என்ன பூ என்று கேட்டால்
'வாசல்ல ஒரே ஆட்டோ' என்பார்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
கூட வேலை பார்க்கும் ரெஜினாதான்
பெலிக்ஸ் நம்பரைக் கொடுத்தாள்.
நாகலூர் போகிற வழியில் காப்பித் தோட்டம்,
நடுவில் மரக்குடில் மூன்று,
தகரக் கூரை, கேஸ் அடுப்பு, வெந்நீருக்கு விறகு.
'எத்தனை பேரும்மா?'
'மூணு.'
'சிக்னல் வராது.'
'ரொம்ப நல்லதுங்க.'
'ராத்திரி காட்டெருமை வரும். டார்ச் அடிச்சிடாதீங்க.
அது பாட்டுக்கு மேஞ்சிட்டுப் போயிடும்.'

இதைப் பூவிழியிடம் சொன்னது தப்பு.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எருமை வரைந்துவிட்டாள்.
பக்கத்தில் அவள் அப்பா, அதன் முழங்கால் உயரம்.

முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு.
பத்து நாள் கொலுசுக்கு மணி கோத்த கூலி.
அனுப்பிவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன்.

'பஸ்லயே போலாம், பாஸ் இருக்கே' என்றேன்.
'இன்னொருத்தன் ஓட்ட, நான் உக்காந்து வரணுமா?
மூணாவது வளைவுல இறங்கிடுவேன்.'
தம்பியின் காரைக் கேட்டிருக்கிறது.
பிரேக்கை அவரே இரண்டு தரம் பார்த்தார்.
அப்புறம் என்ன தோன்றியதோ,
'குப்பனூர் வழியா ஏறிடலாம்.
அந்தப் பக்கம் எனக்கு
வளைவு எண்ணிப் பழக்கமில்ல' என்றார்.

அரிசி ஒன்றரைக் கிலோ. முட்டை பன்னிரண்டு.
தட்டுவடை செட்டுக்கு
கேரட், பீட்ரூட் துருவி ஒரு டப்பா,
சட்னி ரெண்டும் தனித்தனியாய், மூடி இறுக்கமாய்.
தோளுக்குத் தைலம்.
கொசுவத்தி? மேலே கொசு உண்டா, கேட்கணும்.
சீட்டுக்கட்டு (ஜோக்கர் ஒன்றைக் காணோம்).
காலையில் எட்டரைக்கே படகுத்துறை,
கூட்டம் வந்தால் இவர் ஹாரன் தேடுவார்.
சாயங்காலம் லேடீஸ் சீட்.
அங்கிருந்து இருட்டில் சேலம் முழுக்கத் தெரியுமாம்,
எங்கள் தெருவின் எரியாத விளக்கு தவிர.

'நீங்க தினம் பார்க்கறதுதானே?'
'விளக்கப் பாத்தா பஸ்ஸு பள்ளத்துல கிடக்கும்.'

படுத்த பிறகு கேட்டார்:
'கடைசி பஸ்ஸு கீழ எறங்கிட்டா
அப்புறம் வர முடியாதே?'
'அதுக்குத்தான முன்பணம்.'
'அன்னைக்கு யாரு எடுப்பா, கடைசி பஸ்ஸ?'
நான் பதில் சொல்லவில்லை.
மின்விசிறி ஒரு கட்டையில் தட்டிக்கொண்டே சுற்றியது.

'ராத்திரி அங்க எப்படி இருக்கும்?'

மொத்தமே இரண்டு தடவை மலையேறியவள் நான்,
இரண்டும் பகல்.
அவர் கேட்கிறார், என்னிடம்.

எழுந்து லைட் போட்டு
பில்லின் ஓரத்தில் சேர்த்தேன்:
கம்பளி, இன்னும் ஒன்று.