நாற்பத்தோராம் நிமிடம்

ரசீதை இன்னும் எறியவில்லை.
மை வெளிறிப் போய் தேதி மட்டும் மிச்சம்:
ஜனவரி பன்னிரண்டு, இரண்டாயிரத்து எட்டு.
வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
வண்டியை அணைத்தால் மறுபடி உயிர் வராதென்று
ஓடவிட்டபடியே கடைக்குள் ஓடினேன்.

இடது சுவர் முழுக்கச் சிவப்பு உறைகள்.
வலது சுவர் முழுக்க நீலம்.
நடுவே, வாக்குச்சாவடி அலுவலர் மாதிரி
கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன், ப்ரேடன்.
"எது ஜெயிக்கும்?"
"படம் ரெண்டிலும் ஒண்ணுதான்.
ஆனா இதோட தட்டு அதுல சுத்தும், பேசாது."

சிவப்பு, நூறு டாலர் மலிவு.
ஏழு தட்டுகள் இலவசம் வேறு.
ரயில் பட்டறையில் பிரேக் சோதிக்கிறவன் நான்,
நூறு டாலர் என்றால்
என் தராசு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.
போன வாரமே ஒரு பெரிய கம்பெனி
நீலத்துக்குத் தாவிவிட்டதை
அவன் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

டாரியா வீட்டில் நீலம்.
அவளுடைய ராஸ் வைத்திருக்கும்
விளையாட்டுப் பெட்டிக்கு அதுவும் தெரியுமாம்.

வெள்ளி மாலைகளில் லெஸ்யா வருவாள்.
முதுகுப் பையில் பல்துலக்கி, ஒற்றைக் காலுறை,
பாதிக் கணக்கு நோட்டு, ஒரு நீல உறை.
ஆசையாய்ச் செருகுவாள்.
சுழலும், முனகும், பிறகு திரையில்:
'இந்தத் தட்டைப் படிக்க இயலவில்லை. வருந்துகிறோம்.'
மரியாதை தெரிந்த இயந்திரம்.
டாரியாவின் வக்கீலும் இப்படித்தான் எழுதுவார்.

பதிலுக்கு நான் கொடுத்தனுப்பிய சிவப்பு
அடுத்த வெள்ளி
மேல்தாள்கூடக் கிழியாமல் திரும்பி வந்தது.

பிப்ரவரியில் ஒரு மதியம்,
சாண்ட்விச்சை மென்றபடி வில்ஃப் செய்தித்தாளை நீட்டினான்:
"ஓரெஸ்ட், உன் கட்சி சரணடைஞ்சாச்சு."
எனக்கே தெரியாமல் ஒரு கட்சியில் இருந்திருக்கிறேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.
இடது சுவரில் ஆணித் துளைகள்.
ப்ரேடன் ரசீதை விளக்கொளியில் பிடித்து
விரல்விட்டு எண்ணினான்:
முப்பது நாள்வரை திருப்பலாம்,
எனக்கு முப்பத்தெட்டு.
அவன் காது மடல் சிவந்தது.
தள்ளுவண்டி நிறையச் சிவப்புத் தட்டுகளைக் காட்டி
"ஒண்ணு மூணு டாலர்தான்" என்றான்.
பதினொன்று வாங்கினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
தோற்ற மறுநாளே சட்டை மாற்றிக்கொள்ள
எனக்கு வரவில்லை.

பனி உருகிச் சேறான ஒரு வெள்ளி
லெஸ்யா பையின் அடியிலிருந்து
காலுறைக்குள் சுருட்டிய ஒரு தட்டை எடுத்தாள்.
உறை இல்லை, நிறம் இல்லை, வெறும் பழைய டிவிடி.
கெனோராவில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில்,
மூன்று பேரும் ஒரே காரில் போன காலத்தில் வாங்கியது.
இழுவைப் படகில் ஏறிவிடும் ஒரு நாயின் கதை.
முதுகெல்லாம் கீறல், பீட்சா எண்ணெய்.

செருகினாள்.
முனகல் இல்லை. வருத்தக் கடிதம் இல்லை.
நாய் குரைத்தது.

நாற்பத்தோராம் நிமிடம்
நாய் படகிலிருந்து கரைக்குத் தாவும்போது
படம் சதுரம் சதுரமாய் உடைந்து நின்றது.
ரிமோட்டை எடுத்தேன்.

"தொடாதப்பா.
அங்கயும் இங்கதான் நிக்கும்.
எட்டு எண்ணினாப் போயிடும்."

"அங்க யாரு எண்ணுவா?"

"நானும் அம்மாவும்.
ராஸ் காப்பி போடப் போயிடுவார்."

அதற்குள் அவள் ஆரம்பித்திருந்தாள்.
மூன்றில் நானும் சேர்ந்துகொண்டேன்.
வெளியே கூரையிலிருந்து உருகும் பனி
எங்கள் தாளத்துக்கு ஒத்துவராமல் சொட்டியது.
ஆறு.
ஏழு.
நாய் இன்னும் காற்றில்.