ஐம்பது லிட்டர்

அதிகாலை மூன்றரைக்கு ஹெல்வே எழுந்தால்
நானும் எழவேண்டும். எங்கள் ஜீப்பின் கிளட்ச்
என் காலுக்கு மட்டும்தான் பணியும்.

பத்தொன்பது வருடமாக
ஒரே சதுப்பு, அதில் ஒரே பைன் மரம்.
நூற்றைம்பது வயதிருக்கும் என்கிறார்கள்.
என் இடுப்புக்கு மேல் அது வளரவில்லை.
அவள் அதைப் படமெடுக்கிறாள்.
நான் பின்னால், பலகைப் பாதையில்,
பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு
காத்திருப்பவளுக்காகக் காத்திருக்கிறேன்.

பேசக்கூடாது.
பெருங்கொக்குகள் இல்லாத மாதங்களில் இருமலாம்.
முக்காலியின் ஒரு கால் பாசிக்குள் இறங்கும்;
தூக்கி வைப்பாள்; மறுபடி இறங்கும்.
மூடுபனி வரும். வந்தால் ஒரேயடியாக வந்து
மரத்தையும் விழுங்கிவிடும்.
வீட்டுக்குத் திரும்புவோம்.
படமில்லாமல் திரும்பிய நாட்களை
டீசல் கணக்குக்காகக் குறித்து வைத்திருக்கிறேன்:
சென்ற வருடம் எண்பத்து நான்கு.

மார்ச்சில் ஆறு தன் கரையை மறந்துவிடும்.
எங்கள் பக்கத்தில் அதற்கு ஐந்தாம் பருவம் என்று பெயர்.
காட்டுக்குள் துடுப்புப் போட்டுப் போவோம்.
அடிமரங்களுக்கு நடுவே வானம் கிடக்கும்.
அது கலையாமல் படகை நிறுத்து என்பாள்.
முப்பது வருடம் மர லாரி ஓட்டியவனிடம்
கேட்கிற கேட்பா இது?

மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள்.
முன்பல் விழுந்தவர்கள், சிரிக்கமாட்டேன் என்பவர்கள்.
பாஸ்போர்ட் படம். கோடையில் இரண்டு கல்யாணம்.
ஒருமுறை, வாங்க ஆள் வராத ஒரு பன்றிப்பண்ணை.
அந்த நீள லென்ஸை வாங்கித் தந்தது இவர்கள்தான்,
பனி அல்ல.

பிறகு அந்த மின்னஞ்சல்.
இயற்கைப் பொருட்கள் விற்கிற நிறுவனமாம்.
அக்டோபர் படத்துக்கு ஆயிரத்து நானூறு யூரோ.
ஒப்பந்தத்தை நான்தான் படித்தேன்.
படித்தேன் என்றால், தொகையைப் படித்தேன்.
கூரைக்குப் புதுத் தகடு போட்டோம்.

மே மாதம். பார்னு சாலையில்
தக்காளி நாற்று வாங்கப் போன கடை.
அவள் தள்ளுவண்டியை விட்டுவிட்டு நின்றாள்.
சுவர் உயரத்துக்கு அடுக்கிய பிளாஸ்டிக் மூட்டைகள்.
ஒவ்வொன்றிலும் அவள் மரம்,
ஒவ்வொன்றிலும் அதே அக்டோபர்,
அடியில் கொட்டை எழுத்தில்:
பூந்தொட்டிக்கான தூய பீட் மண். ஐம்பது லிட்டர்.

சதுப்பை வடித்து, சுரண்டி, காயவைத்து
அரைத்தால் அதுதான் பீட்.

நம் சதுப்பு இல்லை ஹெல்வே, என்றேன்.
நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வேறொன்று.
சொல்லி முடித்ததும் எனக்கே
என் குரல் பிடிக்கவில்லை.

கல்லாவில் காரெல். அவள் எடுத்த படத்தில்
வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றவன்.
கேரட்டுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை, என்றான்.
ஒன்று வாங்கினாள்.
தள்ளுபடி அட்டையைக்கூட மறக்காமல் நீட்டினாள்.

மூட்டையை முன்சீட்டில் உட்கார்த்திவிட்டு
அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.
பாதி வழியில், ஜன்னலிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
பாசி வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும்.
முழங்கால் ஆழம் தோண்டினால் ஐநூறு வருடம்.
அந்தப் படத்துக்கு நான் கொடுத்தது
நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு.
நான் வீடு வரை மூன்றாவது கியரிலேயே வந்தேன்.

மூட்டை பிரிக்கப்படாமல் கொட்டகையில் இருக்கிறது.
மரம் சுவரைப் பார்க்க, திருப்பி வைத்திருக்கிறாள்.
தக்காளி அந்த வருடம் சுமார்தான்.

மறுநாளும் மூன்றரைக்கு அலாரம் அடித்தது.
பனி இல்லை. வெளிச்சமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.
முக்காலியை அவள் விரிக்கவே இல்லை.
மண்டியிட்டு, பாசிக்குள்
மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டு இருந்தாள்.
எதிர்ப்புறம் இரண்டு பெருங்கொக்குகள்,
முட்டை வைக்கும் காலம்.
இருமணும்னா இருமு, என்றாள்.

எனக்கு இருமல் வரவில்லை.